தகடூரில் இரண்டு நாள்: மூத்தோருக்கு ஒரு யாத்திரைத் திட்டம்

“நீங்கள் எல்லாரும் போய்ச் சேவித்து வாருங்கள், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.”

குடும்பத்தோடு யாத்திரை புறப்பட்ட பெரியவர்கள், வழியில் ஏதேனும் ஒரு திருக்கோயிலின் வாசலில் இவ்வாறு சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்; நாமே சொல்லியும் இருப்போம். இரண்டு நாளில் பன்னிரண்டு தலங்கள் என்று திட்டம் வகுக்கப்பட்டிருக்கும். முதல் நாள் நண்பகலுக்குள் கால்கள் கனக்கத் தொடங்கும். மூன்றாவது கோயிலுக்கு வரும்போது, மற்றவர்களுக்குத் தாமதம் ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணம் மேலிடும். தரிசனத்துக்காகப் புறப்பட்டவர், கோபுரத்தைச் சாளரத்தின் வழியே கும்பிட்டுவிட்டு வண்டியில் தங்கிவிடுவார். குறை அவருடைய பக்தியில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாளில், முதியவர் ஒருவரும் வண்டியில் தங்கிவிடாமல் நிறைவாக வழிபட்டுத் திரும்பக் கூடிய யாத்திரை ஒன்றை இங்கே வகுத்துப் பார்க்கலாம். அதற்கு நாம் தேர்ந்துகொண்டது தருமபுரி மாவட்டம். இதன் பழம்பெயர் தகடூர். உண்டவருக்கு நீண்ட ஆயுளைத் தரும் அரிய நெல்லிக்கனி கைக்குக் கிடைத்தபோது, அதைத் தான் உண்ணாமல் ஔவைப் பிராட்டிக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் அது. அக்கொடையை வியந்து ஔவையார் பாடியது புறநானூற்றில் 91ஆம் பாடலாக இருக்கிறது. நாம் மூதாட்டியாகவே நினைவில் வைத்திருக்கும் ஒருவரை முதன்மையாகப் போற்றிய மண்ணுக்குச் செல்லும்போது, நம் வீட்டு மூத்தோரை முன்னிறுத்தித் திட்டமிடுவதே முறை.

எந்தக் காலத்தில் செல்வது?

தருமபுரி மேட்டு நிலம். மழை குறைந்த பூமி. பங்குனி முதல் வைகாசி வரை பாறைகள் அனலைக் கக்கும். அந்த மாதங்களில் வெறுங்காலோடு கல் தளத்தில் பிரதட்சிணம் செய்வது முதியவர்களுக்கு இயலாது. கார்த்திகையின் பிற்பகுதி தொடங்கி மாசி வரை உள்ள காலம் ஏற்றது. காலையில் பனி இருக்கும். பகலில் வெயில் தாங்கக் கூடியதாக இருக்கும்.

திருவிழா நாள்களைப் பற்றியும் ஒரு சொல். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லும், தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் சந்நிதியும், மாசிப் பெருவிழாவின்போது தீர்த்தமலையும் பெருங்கூட்டம் கூடும் இடங்கள். உற்சவம் காணும் ஆவல் எல்லாருக்கும் உண்டு. ஆயினும் நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாதவர்கள், விழா இல்லாத வாரம் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது. கூட்டமில்லாத நாளில் அர்ச்சகர் நின்று பேசுவார். ஆரத்தி முழுவதும் கண்குளிரத் தெரியும். மண்டபத்தில் சாய்ந்து அமர்ந்து ஜபம் செய்ய இடம் கிடைக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறிக்கும்போது இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எவ்வாறு செல்வது? எங்கே தங்குவது?

சேலத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். தொப்பூர்க் கணவாயைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை அது. சேலம் – பெங்களூரு இருப்புப் பாதையில் தருமபுரிக்கு நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து வருவோர், ஜோலார்ப்பேட்டை – சேலம் பாதையில் உள்ள மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் தருமபுரியை அடையலாம். இதே மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906ஆம் ஆண்டில் சிற்றகல இருப்புப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் ஓசூர் வரை நீண்ட அப்பாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், மூடப்பட்டது. அந்த வண்டியில் தம் பெற்றோர் பயணம் செய்த கதையைச் சொல்லும் குடும்பங்கள் இப்பகுதியில் இருக்கக் கூடும்.

தங்குமிடம் தருமபுரி நகரிலேயே, ஒரே விடுதியில், இரண்டு இரவுக்கும் இருக்கட்டும். ஒவ்வோர் இரவும் இடம் மாற்றினால், மருந்துப் பெட்டியைத் தேடுவதிலும் மூட்டை கட்டுவதிலுமே முதியவர்கள் களைத்துப் போவார்கள். வெள்ளிக்கிழமை மாலையே வந்து தங்கிவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை புத்துணர்வோடு தொடங்கும். விடுதியில் அறை கேட்கும்போது மூன்று செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்: அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, அல்லது மின்தூக்கி உண்டா, கழிப்பறை மேற்கத்திய முறையிலானதா, இரவில் வெந்நீர் கிடைக்குமா. இவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு மறுநாள் யாத்திரை நடப்பதும் நடவாததும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர், மூன்று நாளுக்குத் தேவையான மாத்திரையை ஐந்து நாளுக்காக எடுத்துச் செல்வது நலம். மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை: கோட்டைக் கோயில்

முதல் தரிசனம் தருமபுரிக் கோட்டைக்குள் எழுந்தருளியிருக்கும் கல்யாண காமாட்சி அம்பிகை உடனாய மல்லிகார்ச்சுனேசுவரர். தகடூரை ஆண்ட நுளம்பர்களின் காலத்துக் கலைப்பாங்கைக் காட்டும் திருக்கோயில் இது. சுவாமி சந்நிதியின் மண்டபத்தில், தரையைத் தொடாமல் நிற்கும் இரண்டு கல்தூண்கள் இருக்கின்றன. அடியில் மெல்லிய துணியையோ தாளையோ செலுத்தி மறுபுறம் எடுக்கலாம். பேரக்குழந்தைகளை அழைத்துச் சென்றால், அவர்கள் முதலில் ஓடுவது அங்கேதான்.

அம்பிகையின் சந்நிதி சுவாமி சந்நிதியைவிட உயர்ந்த தளத்தில் தனியே அமைந்திருக்கிறது. படியேறிச் சென்றே அன்னையைத் தரிசிக்க வேண்டும். ஆகவே காலையில், கால்கள் களைப்படையாத வேளையில், முதலில் அம்பாள் சந்நிதிக்கு ஏறிவிடுவது உத்தமம். மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி ஏறினால் போதும்; விரைவு வேண்டாம். சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக அமைந்துள்ளன. கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு சிற்பமாகக் கண்டு, இது எந்தக் காண்டம், இவர் யார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வலம் வரலாம். ஒரு மணி நேரம் கழிவதே தெரியாது.

அங்கிருந்து குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலுக்குச் செல்லலாம். நகருக்குள்ளேயே இருப்பதால் அலைச்சல் இல்லை. இங்கே தைப்பூசப் பெருவிழாவில் பெண்கள் மட்டுமே வடம் பிடித்துத் தேர் இழுக்கும் வழக்கம் உண்டு. மூதாட்டிகளும் புதுமணப் பெண்களும் பள்ளிச் சிறுமியரும் ஒரே வடத்தைப் பற்றி நிற்கும் விழா அது. நாம் செல்வது விழா இல்லாத நாளாயினும், நிலையில் நிற்கும் தேரைக் காணும்போது அந்த நினைவோடு கும்பிடலாம்.

பதினோரு மணிக்குள் இவ்விரு தரிசனங்களும் நிறைவடைய வேண்டும். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பது ஒரு காரணம். பகல் உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். யாத்திரைத் திட்டத்தில் ஓய்வு நேரத்தையும் தரிசன நேரத்தைப் போலவே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத ஓய்வு கிடைக்காது; அந்த நேரத்தில் ‘பக்கத்தில் இன்னொரு கோயில் இருக்கிறதாம்’ என்று யாரேனும் புறப்பட்டுவிடுவார்கள்.

உணவைப் பற்றி முதியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கேழ்வரகும் சாமையும் கம்பும் விளையும் பூமி இது. நீரிழிவு உள்ளோர் நாடும் களியும் கூழும் இங்கே காலங்காலமான வீட்டு உணவு. விடுதியில் முன்கூட்டிச் சொன்னால் காரம் குறைத்துச் சமைத்துத் தருவார்கள்.

சனிக்கிழமை மாலை: அதியமான்கோட்டை

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் கால் மணி நேரத்தில் அதியமான்கோட்டையை அடையலாம். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். முதலில் சென்றாயப் பெருமாள் திருக்கோயிலைச் சேவியுங்கள். மண்டபத்தின் விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகளைத் தீட்டிய பழமையான ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. வெளிச்சம் மங்குவதற்கு முன் சென்றால்தான் அவற்றைக் காண இயலும்; அதனாலேயே பெருமாளை முதலில் வைத்தோம். கழுத்து வலி உள்ளவர்கள் நின்றபடி நிமிர்ந்து பார்க்க வேண்டாம். அமர்ந்து, தூணில் சாய்ந்து பாருங்கள். ஓவியத்தின்மீது கைபடாமலும், விளக்குப் புகை படியாமலும் காப்பது நம் கடமை.

விளக்கேற்றும் வேளையில் காலபைரவர் சந்நிதிக்குச் செல்லலாம். அதியமான் மன்னர்கள் போருக்குப் புறப்படுமுன் இப்பெருமான் திருமுன் வாளை வைத்து வணங்கிச் சென்றனர் என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பன்னிரண்டு இராசிகளும் இருபத்தேழு நட்சத்திரங்களும் இவருடைய திருமேனியில் அடக்கம் என்பது நம்பிக்கை. சாம்பல் பூசணிக்காயை இரண்டாகப் பிளந்து, எண்ணெய் வார்த்து, தீபம் ஏற்றி வழிபடுகிறார்கள். பதினெட்டு முறை வலம் வருவதாக வேண்டிக்கொள்வாரும் உண்டு. அத்தனை சுற்று இயலாதவர்கள் மூன்று சுற்றோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சியவற்றை அமர்ந்த இடத்திலிருந்தே மனத்தால் வலம் வரலாம். மானச பூஜையை நம் பெரியோர் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை.

திரும்பும் வழியில், அவ்வூரிலேயே அதியமானுக்கும் ஔவையாருக்கும் சிலை எடுத்துள்ள அதியமான் கோட்டம் இருக்கிறது. கால்களுக்கு வலுவிருந்தால் இறங்கிப் பார்க்கலாம். இல்லையேல் அறைக்குத் திரும்பிவிடலாம். இரவு எட்டரை மணிக்கு உறங்கச் செல்வதுதான் அன்றைய நாளின் கடைசிக் கைங்கரியம்.

ஞாயிற்றுக்கிழமை: மலையா, அருவியா?

இரண்டாம் நாளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கிழக்கே தீர்த்தமலை; மேற்கே ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து தீர்த்தமலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்ப்போருக்கு இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். இளைஞர்கள் அவ்வாறு செய்வதும் உண்டு. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசைகள். இரண்டையும் சேர்த்தால் நாளின் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். பெரியவர்கள் இருக்கும் குடும்பம் ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும். எதை விடுவது என்பதை வீட்டிலேயே, அந்தப் பெரியவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். புறப்பட்ட பின் கேட்டால், ‘உங்கள் விருப்பம்’ என்றுதான் பதில் வரும்.

தீர்த்தமலை

இராவண வதத்துக்குப் பின் திரும்பி வந்த இராமபிரான் இம்மலையில் சிவபூஜை செய்ய விழைந்தார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரும்படி அனுமனை அனுப்பினார். பூஜை வேளை நெருங்கியும் அனுமன் வரவில்லை. இராமர் பாணம் ஒன்றைச் செலுத்த, பாறை பிளந்து தீர்த்தம் பெருகியது. அந்நீரால் அபிஷேகம் நிறைவுற்றது. பின்னர் வந்து சேர்ந்த அனுமன் வருந்திக் கங்கைக் கலசத்தை வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று. முதலில் அனுமன் தீர்த்தத்தில் நீராடி, பின்பு தீர்த்தமலைக்கு வந்து இராமர் தீர்த்தத்தில் நீராடுவோர்க்கே முழுப் பயன் என்று இராமர் தம் தொண்டனைத் தேற்றினார் என்பது தலபுராணம். அனுமன்தீர்த்தம் என்ற பெயரிலேயே ஊர் இருக்கிறது. அரூரிலிருந்து ஊத்தங்கரை செல்லும் சாலையில் அதைக் காணலாம்.

மலைமேல் தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியிருக்கிறார்கள். இராமர், கௌரி, குமாரர், அகத்தியர், அக்கினி என்னும் பெயர்களில் தீர்த்தங்கள் உள்ளன. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலமும் இது. பாறை முகட்டிலிருந்து இராமர் தீர்த்தம் வீழ்வதைக் காண்பது ஓர் அனுபவம். அரூரிலிருந்து 16 கிலோமீட்டரில் அடிவாரம். அங்கிருந்து நடந்துதான் ஏற வேண்டும். முதியவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். கையில் தடி அவசியம். குரங்குகள் மிகுதியாதலால் பழமும் பையும் வெளியே தெரியக் கூடாது. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

இவ்விடத்தில் என் தமக்கையாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய கணவர் கடுமையாக நோயுற்றிருந்தபோது, பிழைத்து எழுந்தால் தீர்த்தமலைக்கு நடந்து ஏறி வந்து தரிசிப்பதாக வேண்டிக்கொண்டார். அத்திம்பேர் பிழைத்தார், அதன்பின் எட்டு ஆண்டுகள் நல்லபடியாக வாழ்ந்தார். பேறுகாலம், கல்யாணம், வீடு கட்டுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் வேண்டுதல் தள்ளிக்கொண்டே போயிற்று. அத்திம்பேர் காலமான பிறகு, செலுத்தாத நேர்த்திக்கடன் அக்காவின் மனத்தில் பாரமாக அமர்ந்துவிட்டது. எழுபத்து நான்காம் வயதில், “தம்பி, இந்த மாசிக்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும்” என்றார்.

சென்றோம். அக்காவின் மகன் கைப்பிடித்து அழைத்துச் சென்றான். கால் பங்கு தொலைவு ஏறியிருப்போம். மூச்சு வாங்கிற்று, அமர்ந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம்தான் அம்மா” என்றான் மகன். அக்கா மேலே பார்த்தார்; கீழே பார்த்தார். “உனக்குக் கொஞ்சம், எனக்கு அது மலை” என்றார். எவ்வளவு சொல்லியும் மேற்கொண்டு ஏறச் சம்மதிக்கவில்லை. மகனை மட்டும் மேலே அனுப்பிவிட்டு, என் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினார்.

அடிவாரத்திலும் சுவாமிக்குத் திருக்கோயில் இருக்கிறது. அங்கே சந்நிதியில் நின்றபோது அக்காவின் கண்களில் நீர் வழிந்தது. குருக்கள் காரணம் கேட்டார், சொன்னார். “மலையேற முடிந்தவர்களுக்காக மட்டும் சுவாமி மேலே இருக்கிறார் என்றால், கீழே இந்தச் சந்நிதி எதற்கு அம்மா? நீங்கள் ஏறிய படிகளை அவர் எண்ணிக்கொண்டுவிட்டார். அர்ச்சனைக்கு யார் பேர் சொல்ல?” என்றார் அவர். அக்கா அத்திம்பேரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். காலமானவர் பெயருக்கு அர்ச்சனை செய்யும் வழக்கம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், குருக்களுக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்கல்பத்தை அக்காவின் பெயருக்குச் செய்து, தீபாராதனையை நெடுநேரம் காட்டினார்.

இரண்டு மணி நேரம் அந்தத் திருக்கோயிலிலேயே அமர்ந்திருந்தோம். மகன் மேலே தரிசனம் முடித்து, பித்தளைச் செம்பில் இராமர் தீர்த்தம் ஏந்தி வந்தான். அக்கா அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, ஒரு வாய் அருந்தினார். எஞ்சியதை வீட்டுப் பூஜையறைக்கு எடுத்துச் சென்றார். அதன்பின் அந்த வேண்டுதலைப் பற்றி அவர் வருந்திப் பேசிக் கேட்டதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைய நாளுக்கு நாங்கள் முதலில் வகுத்த திட்டத்தில் தீர்த்தமலைக்குப் பின் மேலும் மூன்று கோயில்கள் இருந்தன. புறப்படுவதற்கு முந்திய இரவுதான் அவற்றை நீக்கினோம். நீக்காமல் இருந்திருந்தால், அடிவாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திராது. ‘நேரமாகிறது’ என்று அக்காவை வண்டியில் ஏற்றியிருப்போம். பாரமும் கூடவே வீட்டுக்கு வந்திருக்கும்.

தீர்த்தத்துக்கு இத்தகைய ஏற்றம் தருவது நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து, இந்தோனேசியாவின் பாலித் தீவில் வாழும் இந்துக்கள் தம் சமயத்தையே ‘ஆகம தீர்த்தா’ என்று வழங்குகிறார்கள். அவர்களுடைய வழிபாடு எதுவும் தீர்த்தம் தெளிக்காமல் நிறைவுறாது. அங்கே தம்பாக்சிரிங் என்னும் சிற்றூரில், ‘தீர்த்த எம்புல்’ என்ற திருக்கோயில் 962ஆம் ஆண்டில் தோன்றியது. ஊற்று நீர் வரிசையாக வீழும் துறைகளில், மக்கள் கைகூப்பித் தலை தாழ்த்தி நின்று நீராடுகிறார்கள். தீர்த்தம் என்ற சொல் அங்கும் அதே சொல்லாகவே ஒலிக்கிறது.

ஒகேனக்கல்

மலை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குக் காவிரி அன்னை காத்திருக்கிறாள். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை; பாறையில் மோதித் தெறிக்கும் நீர்த்திவலை புகை போல் எழுவதால் ஒகேனக்கல் ஆயிற்று. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் செல்ல வேண்டும். காவிரிக் கரையில் தேசநாதேசுவரர் திருக்கோயில் இருக்கிறது. நீராடி, ஈசனைத் தொழுது, கரையில் அமர்ந்து அருவியின் ஒலியைக் கேட்டிருக்கலாம்.

புறப்படுமுன் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். கருநாடகத்திலிருந்து வரும் நீரின் அளவைப் பிலிகுண்டுலுவில் கணக்கிடுகிறார்கள். வரத்து மிகுந்தால் மாவட்ட நிர்வாகம் நீராடவும் பரிசல் செல்லவும் தடை விதிக்கும். ஆடி, ஆவணியில் இது அடிக்கடி நிகழும். தடை இல்லாத நாளிலும், பாறைகள் வழுக்கும் தன்மையன. முதியவர்கள் காவலுள்ள குளியல் துறையில், கம்பியைப் பற்றியபடி, ஒருவர் துணையோடு மட்டுமே நீராட வேண்டும். எண்ணெய் தேய்த்துவிடுவோர் அங்கே பலர் உண்டு. அழுத்தித் தேய்ப்பதை இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் தவிர்க்க. பரிசலில் குந்தி அமர்வது முழங்காலுக்குக் கடினம். கரையிலிருந்தே காணலாம், குறையொன்றும் இல்லை.

இன்னொன்று. ஒகேனக்கல் சுற்றுலாத் தலமாதலால் மீன் வறுக்கும் கடைகள் வழிநெடுக உள்ளன. சைவ உணவினர் அந்த வாடைக்கு மனத்தை ஆயத்தம் செய்துகொண்டு, கட்டுச்சாதம் எடுத்துச் செல்வது நல்லது. புளியோதரையும் தயிர்ச்சாதமும் காவிரிக் கரையில் தனிச் சுவை பெறும்.

திரும்பும்போது, நேரம் இருந்தால், சற்றே விலகிப் பாப்பாரப்பட்டிக்குச் செல்லலாம். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா வாழ்ந்து, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இயற்கை எய்திய ஊர். சிறைவாசத்தில் பெருநோய்க்கு ஆளானவர் அவர். நோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறத் தடை செய்யப்பட்டபோது, நடந்தே ஊர் ஊராகச் சென்றார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கால் வலிக்கிறது என்று நாம் சொல்லும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய மனிதர்.

ஒகேனக்கல்லை விட்டுவிட்டுத் தீர்த்தமலைக்குச் செல்பவர்கள் காவிரியைக் காணவில்லையே என்று ஏங்க வேண்டாம். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களையும் எலும்புகளையும் தாக்கி மக்களைத் தலைமுறை தலைமுறையாக வருத்தியது. அதைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு முதல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. தங்குமிடத்தில் குடிநீர் அந்தத் திட்டத்து நீரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், உள்ளங்கையில் ஏந்தி அருந்துவது காவிரித் தீர்த்தமேதான்.

புறப்படுமுன்

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திட்டத்தைத் தாளில் எழுதியதும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொடுத்து, எதை நீக்கலாம் என்று கேளுங்கள். எதைச் சேர்க்கலாம் என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லாரிடமும் விடை இருக்கிறது. நடையின் வேகத்தைக் குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் தீர்மானிக்கட்டும்.

மூத்த அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ‘நான் வண்டியிலேயே இருக்கிறேன்’ என்ற சொல் நாவில் எழும்போது அதை நிறுத்திவிட்டு, ‘இந்தத் தலத்தில் சற்று அதிக நேரம் இருப்போம், அடுத்ததை விட்டுவிடுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதியமான் நெல்லிக்கனியை நீட்டியபோது, ‘எனக்கெதற்கு, நீயே உண்’ என்று ஔவையார் திருப்பித் தந்துவிடவில்லை. பெற்றுக்கொண்டு வாழ்த்தினார். பிள்ளைகள் நமக்காக ஒதுக்கும் நேரத்தையும் அவ்வாறே மனம் கோணாமல் பெற்றுக்கொண்டு, அவர்களை வாழ்த்துவோம்.

காமாட்சி அன்னையும் தீர்த்தகிரிப் பெருமானும் யாவர்க்கும் நீண்ட ஆயுளும் நடக்கும் வலிமையும் அருள்வார்களாக.